கரண்ட்டும் காற்றும்

செங்கல்பட்டு போகும் மின்ரயிலில் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஒரு நிலையம் வரும்: தாம்பரம் சானடோரியம். தினமும் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுக்கிறவர்களில் பலருக்கு அது வெறும் ஊர்ப் பெயர். காசநோயாளிகள் நல்ல காற்றைச் சுவாசித்துத் தேறுவதற்காக ஊருக்கு வெளியே கட்டும் மருத்துவமனைகளை ஐரோப்பாவில் அப்படி அழைத்தார்கள். இங்கே அப்படி ஒன்றை 1928இல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் சானடோரியம் நடத்தியவர். 1914இல் கணிதமேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குக் கிளம்பிய 'நெவாசா' கப்பலில் இவரும் பயணம் செய்தார். பின்னால் ராமானுஜன் நோயில் விழுந்தபோது இவருடைய மெண்டிப் சானடோரியத்தில் கொஞ்ச காலம் இருந்தார். தாம்பரம் சானடோரியத்தை 1937இல் அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

சௌரிமுத்துவின் காலத்தில் காசத்தைக் கொல்லும் மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் பதினைந்து வருஷம் இருந்தது. காற்று, வெயில், சத்தான சாப்பாடு, ஓய்வு, இவ்வளவுதான் வைத்தியம். உள்ளே போன காற்று எந்தத் திசுவுக்குப் போய்ச் சேர்ந்தது, எந்த இடத்துக்குப் போகவில்லை என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. நோயாளி தேறினால் காற்று வேலை செய்தது, தேறாவிட்டால் இல்லை.

சதைக்குள் காற்றை, அதாவது ஆக்சிஜனை, உயிரோடு இருக்கும்போதே படம் பிடிக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை எதிர்பாராத ஒரு மூலையிலிருந்து வந்தது. அந்த விடையைக் கண்டவர்களில் சிலர் தாம்பரத்திலிருந்து ரயிலில் அரை மணி நேர தூரத்தில், கிண்டிப் பக்கம் வேலை பார்த்தவர்கள். அந்த வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு ஒரு வீட்டுக் காரணம் உண்டு.

பெருங்களத்தூரில் இருக்கும் என் சித்திக்கு வாயில் புற்றுநோய். ஒரு மருத்துவமனையில் ஆறரை வாரம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நம் ஊரில் அதற்குப் பெயர் 'கரண்ட் வைக்கிறது'. அவருக்கு முன்னும் பின்னும் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களோடு சித்திக்குச் சிநேகம் வந்துவிட்டது. ஒருவருக்குக் கட்டி முழுக்கக் கரைந்தது. சித்திக்குக் கரைந்த மாதிரி இருந்து மறுபடி வந்தது. "ஏன்டி, நீதான் கெமிஸ்ட்ரி படிச்சவளாச்சே. அந்தம்மாவுக்கும் எனக்கும் அதே மிஷின், அதே கரண்ட்டு, அதே நாளுதானே. அவங்களுக்குக் கேட்டது எனக்கு ஏன் கேக்கல?" என்றார். மெஷின் மேல் தப்பில்லை, டாக்டர் மேலும் தப்பில்லை என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. மிச்சத்தைப் படிக்க வேண்டியிருந்தது.

கதிர்வீச்சு புற்றணுவைச் சுட்டெரிப்பதில்லை. நம் செல்லுக்குள் பெரும்பகுதி தண்ணீர். கதிர் அந்தத் தண்ணீர் மூலக்கூறைப் பிளக்கும்போது ஹைட்ராக்சில் என்ற ஒரு துண்டு பிறக்கிறது. அதில் ஒரு எலக்ட்ரான் ஜோடி இல்லாமல் தனியாக நிற்கும். இப்படித் தனி எலக்ட்ரானோடு நிற்கும் மூலக்கூறுகள்தான் ஃப்ரீ ராடிகல்கள். பள்ளிப் பாடப்புத்தகத்தில் 'தனி உறுப்பு' என்று படித்திருப்பீர்கள். ஹைட்ராக்சிலின் ஆயுள் ஒரு நொடியில் நூறு கோடியில் சில பங்குதான். அதற்குள் பக்கத்தில் இருக்கும் எதிலிருந்தாவது ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிவிடும். அது டிஎன்ஏவாக இருந்தால் அங்கே காயம் விழுகிறது.

அந்தக் காயத்தை ஆற்றும் பொருட்களும் செல்லுக்குள் தயாராக இருக்கின்றன. பிடுங்கப்பட்ட ஹைட்ரஜனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி. அதற்கு முன்னால் ஆக்சிஜன் வந்து அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டால் காயம் நிலைத்துவிடும், செல் சாகும். ஆக, கரண்ட் வெட்டுகிறது, ஆக்சிஜன் அந்த வெட்டை ஆறவிடாமல் செய்கிறது. ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல, ஆக்சிஜன் உள்ள செல்லுக்குத் தேவையானதைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர்வீச்சு தேவைப்படுகிறது.

இதை 1953இல் தெளிவாக எழுதி வைத்தவர் இங்கிலாந்தின் எல்.எச்.கிரே. கதிர்வீச்சின் அளவைக் குறிக்க இன்று மருத்துவமனைச் சீட்டில் எழுதும் 'கிரே' அவர் பெயர்தான். அடுத்த வருஷம் அர்ஜென்டினாவில் பிறந்த ரெபெக்கா கெர்ஷ்மன் இன்னொரு பக்கத்திலிருந்து அதே இடத்துக்கு வந்தார்: அதிகப்படியான ஆக்சிஜன் உடலைக் கெடுப்பதும் எக்ஸ்ரே கெடுப்பதும் ஒரே வழியில், அந்த வழி ஃப்ரீ ராடிகல். 1955இல் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் புற்றுக் கட்டிகளைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ரத்தக் குழாய்களை ஒட்டிய செல்கள் உயிரோடு இருந்தன. ஏறத்தாழ 180 மைக்ரான் தள்ளி எல்லாம் செத்துக் கிடந்தன. அந்தத் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. உயிருள்ள பகுதிக்கும் செத்த பகுதிக்கும் நடுவே, மூச்சு திணறியபடி பிழைத்துக் கிடக்கும் செல்கள்தான் ஆபத்தானவை. அவைதான் கரண்ட்டுக்குத் தப்பி மறுபடி முளைக்கும்.

சித்தியின் கேள்விக்கு விடை 1955லேயே இருந்திருக்கிறது. ஆனால் சீவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும் என்கிற விடை.

சென்னையில் இந்த அறிவு எங்கே வேலைக்கு வந்தது என்று பார்க்க சர்தார் படேல் சாலைக்கு வர வேண்டும். கிண்டியிலிருந்து அடையாறு நோக்கிப் போகும் அந்தச் சாலையில் பஸ்ஸில் போனால் ஆளுநர் மாளிகை, அண்ணா பல்கலைக்கழகம், தோல் ஆராய்ச்சி நிறுவனம், ஐஐடி, புற்றுநோய் நிறுவனம் எல்லாம் சில நிறுத்தங்களுக்குள் முடிந்துவிடும்.

புற்றுநோய் நிறுவனத்தை முத்துலட்சுமி ரெட்டி 1954இல் பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கினார். டாக்டர் எஸ்.கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் சேர்ந்த டாக்டர் வி.சாந்தாவும் அதை வளர்த்தார்கள். புற்றுநோய்க்கான கோபால்ட் இயந்திரம் முதன்முதலில் நோயாளிகளுக்குப் பயன்பட்டது 1951இல் கனடாவில். 1950களின் நடுவிலேயே அது அடையாறுக்கு வந்துவிட்டது. ஆசியாவிலேயே முதல் கோபால்ட் இயந்திரம் என்று அந்த நிறுவனம் பெருமையோடு சொல்கிறது. வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தால் வாய்ப்புற்று மலிந்த நாடு இது. கதிர்வீச்சு மட்டும் போதாது என்று கண்டு, அதோடு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு சிகிச்சையை அங்கே சாந்தாவும் கிருஷ்ணமூர்த்தியும் ஆரம்பத்திலேயே முயன்று பார்த்தார்கள்.

உலகெங்கும் அப்போது டாக்டர்கள் ஆக்சிஜனை எப்படியாவது கட்டிக்குள் தள்ளிவிடப் பார்த்தார்கள். லண்டனில் சர்ச்சில்-டேவிட்சன் 1955இல் நோயாளிகளை மூன்று மடங்கு காற்றழுத்தம் உள்ள உருளைக்குள் படுக்க வைத்துக் கதிர்வீச்சு கொடுத்தார். சிலருக்குப் பலன் இருந்தது, சிலருக்கு இல்லை. யாருக்கு ஆக்சிஜன் பற்றாக்குறை என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்தால் வேறென்ன நடக்கும்? நம் ஊரில் இன்றும் ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் ரத்தம் ஏற்றிவிட்டுக் கரண்ட் வைப்பார்கள். அதன் பின்னால் இருப்பதும் இதே கணக்குதான். ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கலாம். கட்டிக்குள் எந்த மூலைக்குப் போயிற்று என்பதுதான் தெரியாது. சௌரிமுத்துவின் சங்கடம் அப்படியே தொடர்ந்தது.

இப்போது அந்தச் சாலையின் இன்னொரு கதவுக்கு, ஐஐடிக்கு, வருவோம். அதற்கு முன் ஃப்ரீ ராடிகலைப் பார்ப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1900 வரை தனி எலக்ட்ரானோடு ஒரு கரிம மூலக்கூறு நிலைத்து நிற்கும் என்று பெரும்பாலான வேதியியலாளர்கள் நம்பவில்லை. அந்த வருஷம் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பர்க், ஒரு கார்பனைச் சுற்றி மூன்று பென்சீன் வளையங்கள் உள்ள மூலக்கூறோடு வேறு எதையோ செய்யப் போய், முதல் நிலையான ஃப்ரீ ராடிகலைக் கண்டுபிடித்தார். டிரைஃபீனைல்மெத்தில் என்று பெயர். சுருக்கமாக டிரிட்டைல். இந்தப் பெயர் மறுபடி வரும்.

தனி எலக்ட்ரான் ஒரு குட்டிக் காந்தம். வெளியிலிருந்து காந்தப்புலத்தில் வைத்துச் சரியான அதிர்வெண் உள்ள அலையை அனுப்பினால் அது அலையை உறிஞ்சும். 1944இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, கசான் நகரத்தில் யெவ்கெனி சவோய்ஸ்கி இதைக் கண்டார். எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு, சுருக்கமாக இ.பி.ஆர். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஹைட்ரஜன் கருவைக் கேட்கிறது, இது எலக்ட்ரானைக் கேட்கிறது. சவோய்ஸ்கி முதலில் பயன்படுத்தியது ரேடியோ அலை. போர் முடிந்ததும் ரேடார் கருவிகளின் மிச்சங்கள் ஆய்வகங்களுக்கு வந்து சேர்ந்தன. எல்லோரும் 9,000 மெகாஹெர்ட்ஸ் மைக்ரோ அலைக்கு மாறிவிட்டார்கள். அதில் நுட்பம் அதிகம். ஆனால் உயிருள்ள உடல் என்பது தண்ணீர். மைக்ரோ அலையில் தண்ணீர் என்ன ஆகும் என்பது சமையலறையில் அவன் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதனால் 1954இல் பாரி காமனர் திசுக்களில் ஃப்ரீ ராடிகல் இருப்பதைக் காட்டியபோது அவற்றை உறையவைத்து உலர்த்தித்தான் காட்ட முடிந்தது. உயிருள்ள திசு அப்போதைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

சென்னை ஐஐடியில் பி.டி.மனோகரன், சங்கரன் சுப்பிரமணியன் போன்றவர்கள் இ.பி.ஆர். துறையை வளர்த்தார்கள். 1970களில் மத்திய அரசு நாட்டின் சில இடங்களில் வட்டார நுண்கருவி மையங்களை அமைத்தது. அதில் ஒன்று ஐஐடிக்கு வந்தது. எந்தக் கல்லூரியிலிருந்தும் ஒருவர் தன் மாதிரியைக் கொண்டுவந்து அங்கே அளந்து வாங்கிக்கொள்ளலாம். அப்போது அவர்கள் அளந்தவை பெரும்பாலும் தாமிரம், வனேடியம் போன்ற உலோகச் சேர்மங்கள். மருத்துவத்தோடு சம்பந்தமே இல்லை. மனோகரனோடு 1980களில் ஆய்வு செய்த பெரியண்ணன் குப்புசாமி பின்னால் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். உடலுக்கு வெளியே துடிக்க வைத்த எலியின் இதயத்துக்குள் ஃப்ரீ ராடிகலின் முப்பரிமாணப் படத்தை அவரும் சகாக்களும் 1994இல் வெளியிட்டார்கள். ரத்த ஓட்டத்தை நிறுத்தினால் இதயத்தின் எந்தப் பகுதி முதலில் ஆக்சிஜன் இழக்கிறது என்பதை அதில் பார்க்க முடிந்தது.

சுப்பிரமணியன் போனது வாஷிங்டனுக்குப் பக்கத்தில் பெதஸ்டாவில் உள்ள அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்துக்கு. அங்கே முரளி கிருஷ்ண செருகூரி, ஜேம்ஸ் மிட்செல் ஆகியோரின் குழு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ராமச்சந்திரன் முருகேசன், மின்னணுப் பொறியாளர் நல்லதம்பி தேவசகாயம் ஆகியோரும் அதில் இருந்தார்கள். அவர்கள் சவோய்ஸ்கியின் பழைய வழிக்கே திரும்பினார்கள். 300 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை. அதற்குத் தேவையான காந்தம் சுமார் 10 மில்லிடெஸ்லாதான், மருத்துவமனை எம்.ஆர்.ஐ.யின் 1.5 டெஸ்லாவோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அலை சதைக்குள் பல சென்டிமீட்டர் போகும், மைக்ரோ அலை அளவுக்குச் சூடாக்காது.

கஷ்டம் நேரத்தில் இருந்தது. எம்.ஆர்.ஐ.யில் ஹைட்ரஜனின் குரல் அளப்பதற்குப் போதிய நேரம் நீடிக்கும். எலக்ட்ரானின் குரல் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேரத்தில் அடங்கிவிடும். அலையைத் தட்டிவிட்டவுடன் கருவியே சற்று நேரம் அதிர்ந்துகொண்டிருக்கும். கோயில் மணியை அடித்த மறுகணம் பக்கத்தில் இருக்கும் குழந்தை முணுமுணுப்பதைக் கேட்க வேண்டும், அந்தக் குழந்தையும் ஒரு சொல்லோடு நிறுத்திவிடும். இதற்கு வேகமான மின்சுற்றுகள் தேவை, தட்டுவதை லட்சக்கணக்கான முறை திருப்பிச் செய்து கூட்ட வேண்டும். உலோகச் சேர்மங்களை வருடக்கணக்கில் அளந்து கைப்பழக்கம் வந்தவர்களுக்கு இந்தப் பொறுமை இருந்தது. 1997இல் முருகேசனை முதல் ஆசிரியராகக் கொண்டு வந்த கட்டுரை, உயிருள்ள சுண்டெலிக்குள் இப்படித் துடிப்பு முறையில் பிடித்த படங்களைக் காட்டியது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 'ஃப்ரீ ராடிகலைப் படம் பிடிப்பது' என்றால் உடல் தானே உண்டாக்கும் ஹைட்ராக்சிலைப் படம் பிடிப்பது என்று நினைத்துக்கொள்ளத் தோன்றும். அது பிறந்த கணத்திலேயே செத்துவிடுகிறது. தலைமுடியிலும் தோலிலும் உள்ள மெலனின் போன்ற சில ராடிகல்கள்தான் உடலிலேயே நிலைத்து நிற்பவை. இவர்கள் செய்தது வேறு: பாதுகாப்பான, நீண்ட நேரம் நிற்கும் ஒரு ராடிகலை ரத்தத்தில் செலுத்தி, அது உள்ளே யாரைச் சந்திக்கிறது என்று கேட்பது. ஸ்வீடனின் மால்மோவில் நைக்கோமெட் நிறுவனத்தார் தண்ணீரில் கரையும்படி உருவாக்கிய டிரிட்டைல் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கோம்பர்க் கண்ட அதே மூலக்கூறின் வாரிசு.

ஆக்சிஜன் மூலக்கூறும் ஒரு வகையில் ராடிகல்தான், அதில் இரண்டு தனி எலக்ட்ரான்கள் உண்டு. டிரிட்டைல் ஆக்சிஜனோடு மோதும்போதெல்லாம் அதன் சிக்னல் அகலமாகும். எவ்வளவு அகலம் என்று பார்த்தால் அந்த இடத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று தெரிந்துவிடும். புள்ளி புள்ளியாக இதைச் செய்தால் கட்டிக்குள் ஆக்சிஜனின் வரைபடம். 2002இல் இதே குழு அந்த வரைபடத்தை எம்.ஆர்.ஐ. படத்தின் மேல் பொருத்தியும் காட்டியது.

இப்படிப்பட்ட படங்களைப் பல கோணச் சாயல்களிலிருந்து திரும்பக் கட்டும் கணிதத்திலும் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். கிண்டியில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையை நடத்திய ஜி.என்.ராமச்சந்திரன், பெங்களூருக்குப் போன பிறகு 1971இல் ஏ.வி.லட்சுமிநாராயணனோடு ஒரு முறையை வெளியிட்டார். இன்றும் சி.டி. ஸ்கேன் மென்பொருள்களில் 'ராம்-லாக்' என்ற பெயரில் இருக்கிறது. இ.பி.ஆர். படங்களிலும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

பழைய நம்பிக்கைகள் சில பொருந்தாதது படத்தில் கண்ணுக்கே தெரிந்தது. கட்டிக்குள் ஆக்சிஜன் இல்லாத பகுதி நிலையாக ஒரே இடத்தில் இருக்கும் என்றுதான் தாம்லின்சன், கிரே படங்களைப் பார்த்தவர்கள் நினைத்தார்கள். பெதஸ்டா குழு சில நிமிடங்களுக்கு ஒரு படமாக எடுத்தபோது, சில பகுதிகளில் ஆக்சிஜன் வந்து போய் வந்து போய் இருந்தது. ஒழுங்கில்லாமல் முளைத்த ரத்தக் குழாய்கள் திறந்து மூடுகின்றன. காலை பத்து மணிக்குக் கரண்ட்டுக்கு அடங்கும் செல் பத்தரைக்கு அடங்காமல் போகலாம். கட்டியின் ரத்தக் குழாய்களைக் குறைக்கும் சுனிடினிப் மருந்து, எதிர்பார்ப்புக்கு மாறாகச் சில நாட்களுக்கு ஆக்சிஜனை அதிகமாக்குவதையும் எலிகளில் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் கதிர்வீச்சு கொடுத்தால் நல்லது என்ற யோசனை அதிலிருந்து வந்தது.

சிகாகோவில் ஹோவர்ட் ஹால்பெர்னின் குழு 250 மெகாஹெர்ட்ஸில் இதையே இன்னும் முன்னே கொண்டுபோனது. எலிகளின் கட்டியில் ஆக்சிஜன் அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இருக்கும் பகுதி எவ்வளவு என்று படம் பார்த்துச் சொன்னால், எந்த எலிக்கு நோய் திரும்பும் என்று முன்கூட்டியே கணிக்க முடிந்தது. 2019இல் வெளியான ஆய்வில், மூச்சுத் திணறும் அந்தப் பகுதிகளுக்கு மட்டும் கூடுதல் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நல்ல ஆக்சிஜன் உள்ள பகுதிக்கு அதே கூடுதலைக் கொடுத்த எலிகளைவிட இவற்றில் கட்டி அதிகமாகக் கட்டுப்பட்டது. சித்தியின் கேள்வியை எலியிடம் கேட்டால் பதில் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டோம்.

மனிதரிடம்? டார்ட்மவுத்தில் ஹரோல்ட் ஸ்வார்ட்ஸ் பச்சை குத்தும் 'இந்தியன் இங்க்'கைப் பயன்படுத்தினார். கரித்துகள்களில் இயல்பாகவே நிலையான தனி எலக்ட்ரான்கள் உண்டு. எல்லாக் கரியும் சரிவராது, சில வகை மட்டும் ஆக்சிஜனுக்கு ஏற்பச் சிக்னலை மாற்றும். தோலுக்கடியில் ஒரு பொட்டு மை, அது வருடக்கணக்கில் அங்கேயே இருந்து ஆக்சிஜனைச் சொல்லும். அதே டார்ட்மவுத்துக்கு வந்துசேர்ந்த குப்புசாமி, ஆக்சிஜனை உணரும் படிகத்தைச் சிலிகான் ரப்பருக்குள் பொதிந்து 'ஆக்சிசிப்' என்று செய்தார். அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் நோயாளிகளின் கட்டிக்குள் அதை வைத்து அளந்த முதல் முடிவுகள் 2021இல் வந்தன. இவை ஒரு புள்ளியின் அளவு மட்டுமே. முழுப் படம் கிடையாது. டிரிட்டைலும் மனிதருக்கான ஸ்கேனில் வேறு வழியாக நுழைந்தது: பைருவேட் என்ற பொருளின் எம்.ஆர்.ஐ. சிக்னலைப் பல்லாயிரம் மடங்கு பெருக்க அதைக் கலக்கிறார்கள். நோயாளிக்கு ஊசி போடும் முன் டிரிட்டைலை வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள்.

மனித உடலுக்குள் ஆக்சிஜன் வரைபடம் எடுக்கும் இ.பி.ஆர். கருவி மருத்துவமனையின் அன்றாடப் பொருளாக இன்னும் ஆகவில்லை. எலியைச் சுற்றிய கம்பிச்சுருளை மனித அளவுக்குப் பெரிதாக்கினால் சிக்னல் குறைகிறது, தேவைப்படும் மின்திறன் ஏறுகிறது. டிரிட்டைலை மனிதருக்குச் செலுத்த மருந்தாக அனுமதி வாங்க வேண்டும். கருவி இல்லாமல் மருந்துக்குச் சந்தை இல்லை, மருந்து இல்லாமல் கருவிக்குச் சந்தை இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்யப் பெரிய கம்பெனி எதுவும் முன்வரவில்லை.

கனடாவில் 1951இல் வந்த கோபால்ட் சில வருடங்களில் அடையாறுக்கு வந்ததற்குக் காரணம் அங்கே அதைக் கேட்டு வாங்க ஒரு மருத்துவமனை இருந்தது. பன்னிரண்டு படுக்கைகளில் தொடங்கிய இடம், கையில் பணமில்லாத இடம், ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த இடம். 1997இல் எலிக்குள் துடிப்பு முறையில் படம் பிடிக்கும் வித்தை வந்து கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆகிறது. அதற்கான கைப்பழக்கத்தில் ஒரு பகுதி சர்தார் படேல் சாலையில் உருவானது. அதை அதிகம் தேவைப்படும் வாய்ப்புற்று நோயாளிகள் அதே சாலையில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கிறார்கள். வாயில் வரும் கட்டி தோலுக்குச் சில சென்டிமீட்டருக்குள் இருப்பது. 300 மெகாஹெர்ட்ஸ் அலை போய்ச் சேரும் தூரம்தான். உடல் முழுவதற்கும் பொருந்தும் பெரிய கருவிக்காகக் காத்திருக்காமல் கன்னத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் ஒன்று செய்யலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு ஒரு வேதியியலாளர், ஒரு மின்னணுப் பொறியாளர், ஒரு கதிர்வீச்சு மருத்துவர் மூவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். பெதஸ்டாவில் அப்படித்தான் உட்கார்ந்தார்கள். அந்த மேசையில் பாதிப் பேர் தமிழில் பேசிக்கொண்டிருந்திருக்கலாம்.

சித்தியிடம் ஆக்சிஜன் விஷயத்தை எளிமையாகச் சொன்னேன். கட்டியில் காற்று போகாத இடம் இருந்தா கரண்ட் அங்க வேலை செய்யாது, அதான் சித்தி, என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப முதல்லயே பாத்துட்டு வெச்சிருக்கலாமே?" என்றார். உலகத்தின் பெரிய ஆய்வகங்கள் முப்பது வருடமாகச் செய்ய முயல்வது அந்த ஒரு வரியைத்தான்.